சுருட்டை விரியன்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் யார் கல்லைப் புரட்டிப் பாம்பைப் பார்த்தாலும் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்துவிடும். பாதிப் படங்களில் பாம்பின் தலை நசுங்கியிருக்கும். கீழே "அண்ணே, இது என்ன பாம்பு?" என்று ஒரு வரி. அடிப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாமே என்று எழுதத் தோன்றும், எழுதுவதில்லை. நான் டாக்டரும் இல்லை, வனத்துறை ஆளும் இல்லை. சின்ன வயதிலிருந்து இந்தப் பாறைகளில் சுற்றியதில் படித்ததும் பார்த்ததும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வரும் படங்களில் பாதிக்கு மேல் சுருட்டை விரியன், அல்லது சுருட்டை விரியன் என்று நினைத்து அடிக்கப்பட்ட வேறு ஏதோ ஒன்று. அதனால் இந்தப் பாம்பைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

சுருட்டை விரியனை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் அளவு. நம் பக்கத்துச் சுருட்டை ஒரு அடி, மிஞ்சிப் போனால் ஒன்றரை அடி. ராஜஸ்தான் பக்கம் இருக்கும் வகை இதைவிடப் பெரிதாக வளரும். நிறம் காய்ந்த மண்ணின் நிறம்தான்: பழுப்பு, செம்மண் கலந்த பழுப்பு, சில சமயம் சாம்பல். முதுகில் வரிசையாக வெளிறிய திட்டுகள், இரண்டு விலாவிலும் வளைந்து வளைந்து ஓடும் வெள்ளைக் கோடு. தலை கழுத்தைவிட அகலம். அதன்மேல் கோழிக்கால் தடம் மாதிரியோ அம்பு முனை மாதிரியோ ஒரு வெள்ளைக் குறி இருக்கும். கண்மணி பூனைக்கு இருப்பதுபோல் செங்குத்துக் கோடு. செதில்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு ஓடுவதால் உடம்பே சொரசொரவென்று, எண்ணெய் காணாத தோல் மாதிரி தெரியும்.

இதெல்லாம் இரண்டு ஆள் தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். தெரியவில்லை என்றால் தெரியாமலே இருக்கட்டும், குனிந்து பார்க்க வேண்டாம்.

விரியன் என்றாலே ஒரே குடும்பமா?

இல்லை. இது பேரில் வந்த குழப்பம். சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் உண்மையான விரியன்கள். கட்டு விரியன் பேரில்தான் விரியன். உறவு என்று பார்த்தால் நல்ல பாம்புக்குத்தான் பங்காளி. கட்டு விரியன் நஞ்சு நரம்பைத் தாக்கும், சுருட்டையின் நஞ்சு ரத்தத்தைத் தாக்கும். ஆஸ்பத்திரியில் போய் வெறுமனே "விரியன் கடிச்சிருச்சு" என்று சொன்னால் டாக்டருக்கு அதில் பெரிதாக ஒன்றும் புரியாது. கண் சொருகுகிறதா, பல் ஈறில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார்.

எந்தப் பாம்பையெல்லாம் சுருட்டை என்று நினைத்து அடிக்கிறார்கள்?

முதலிடம் பூனைப் பாம்புக்கு. அதுவும் பழுப்பு, அதுவும் அகன்ற தலை, அதுவும் சுருண்டு நின்று சீண்டினால் பாயும். ஆனால் சுருட்டை கட்டை குட்டை, இது கயிறு மாதிரி மெலிந்து நீண்டிருக்கும், செதில் வழவழப்பு. பல்லியும் ஓணானும் தின்று பிழைக்கிற பாம்பு. அதன் நஞ்சு மனிதருக்கு ஆபத்தில்லை.

அடுத்தது மண்ணுளிப் பாம்பில் சொரசொரப்பான வகை. தடித்த உடம்பில் திட்டுத் திட்டாக இருப்பதால் கண்ணாடி விரியன் என்றும் சுருட்டை என்றும் பேர் வாங்கிச் சாகிறது. அதற்கு நஞ்சே கிடையாது. எனக்கு வந்த படங்களில் ஒருமுறை ஒரு மலைப்பாம்புக் குட்டிகூடச் சுருட்டை ஆகியிருந்தது. அனுப்பிய தம்பிக்குப் பதில் எழுத அன்றைக்கு மனசு வரவில்லை.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? சீறுகிறதா?

சீறல் இல்லை. இதை நேரில் கேட்டால் மறக்காது. ஐப்பசி மழை விட்ட மறுநாள், பொழுது சாய்ந்த நேரம், அரிட்டாபட்டிப் பக்கம் ஒரு பாறைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். காய்ந்த பனையோலையை யாரோ தரையில் இழுக்கிற மாதிரி சத்தம். நின்றேன். சத்தமும் நின்றது. டார்ச்சை அடித்ததும் மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி விடாமல். ஒரு பலகைக் கல்லின் விளிம்பில், என் செருப்பிலிருந்து நாலடி தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருள். உடம்பு ஒன்றுக்குள் ஒன்றாகப் பிறை பிறையாக மடிந்து, மடிப்புகள் எதிரெதிராக ஓடிக்கொண்டே இருந்தன. உடம்பு முழுக்க ஓடுகிறது, தலை மட்டும் நடுவில் ஆணி அடித்ததுபோல் அசையாமல் என்னைப் பார்த்தபடி. நான் பின்வாங்கிய ஒவ்வொரு அடிக்கும் அதுவும் கொஞ்சம் பின்வாங்கியது. சுருளைக் கலைக்காமலே பின்வாங்கத் தெரிந்த பாம்பு அது.

விலாவில் உள்ள செதில்கள் சாய்வாக அடுக்கப்பட்டு, அவற்றின் மேடுகளில் ரம்பப் பல் போன்ற அமைப்பு உண்டு. மடிப்புகள் உரசும்போது ரம்பத்தோடு ரம்பம் உரசுவது போல் ஒலி எழும். மற்ற பாம்புகள் மூச்சை வெளியே தள்ளிச் சீறும். மூச்சோடு ஈரமும் போகும். வறண்ட நிலத்துப் பாம்புக்கு ஈரம்தான் சொத்து, அதனால் மூச்சுக்குப் பதில் தோலால் மிரட்டுகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

இது பாலைவனப் பாம்பு என்கிறார்களே, மதுரையில் ஏது பாலைவனம்?

பாலை என்று நம் முன்னோர் தனியாக ஒரு நிலத்தைச் சொல்லவில்லை. காடும் மலையும் மழை பொய்த்துத் திரிந்தால் அதுவே பாலை. மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் சித்திரை மாதம் பகல் ஒரு மணிக்கு நடந்து பார்த்தவருக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டாம். பாறை, சரளை, முள்செடி, அங்கங்கே காய்ந்த புல். சுருட்டைக்கு வேண்டியது இவ்வளவே. அடர்ந்த காடு அதற்கு ஆகாது.

இதன் சொந்தங்கள் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், தார் பாலைவனம் என்று வறண்ட நிலம் முழுக்கப் பரவியிருக்கின்றன. மணலில் நேராக ஊர்ந்தால் வழுக்கும் என்பதால் உடம்பைப் பக்கவாட்டில் தூக்கி வைத்து நகரும். அப்படிப் போன தடத்தில் நீளக் கோடு இருக்காது. ஒன்றையொன்று தொடாத சாய்ந்த கோடுகள் வரிசையாக இருக்கும். நம் பக்கத்துச் சுருட்டைக்கும் அந்த நடை உண்டு. வைகையில் மணல் இருந்த காலத்தில் கரையோரத்து ஊர்க்காரர்கள் அந்தத் தடத்தைப் பார்த்திருப்பார்கள்.

உலகத்தில் இதைவிடச் சின்ன விரியன் உண்டா?

உண்டு. தென்மேற்கு ஆப்பிரிக்காவில், நமீபியாவும் தென்னாப்பிரிக்காவும் சேரும் அட்லாண்டிக் கரையோர மணலில், நமக்வா குள்ள விரியன் என்று ஒன்று. வளர்ந்ததே முக்கால் அடிதான் இருக்கும். உலகின் மிகச் சிறிய விரியன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு வடக்கே நமீப் மணல்மேடுகளில் பெரிங்கே விரியன் வாழ்கிறது. அதுவும் ஒரு அடிக்குள்தான். அதன் கண்கள் தலையின் உச்சியில் இருக்கும். உடம்பை மணலுக்குள் புதைத்துக்கொண்டு கண்ணையும் வால் நுனியையும் மட்டும் வெளியே வைத்திருக்கும். வாலைப் புழு மாதிரி நெளித்தால் பல்லி ஓடி வரும். மழையே இல்லாத அந்த இடத்தில் கடலிலிருந்து மூடுபனி வரும். தன் உடம்பில் படியும் பனித்துளிகளை நக்கித்தான் இது தண்ணீர் குடிக்கிறது.

அங்கே இவற்றுக்கு என்ன ஆபத்து என்று படித்தால் நம்மூர் ஞாபகம் வரும். நமக்வா விரியன் இருக்கும் கரையில் 1908-ல் வைரம் கிடைத்தது. கரையோர மணலை வழித்து வழித்துத் தோண்டினார்கள். மணல்மேடுகளில் விளையாட்டுக்கு ஜீப் ஓட்டுகிறார்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் பாம்பு டயருக்குத் தெரியாது. அழகாக இருக்கிறது என்று வெளிநாட்டில் வளர்ப்பவர்களுக்குப் பிடித்து விற்கும் திருட்டு வியாபாரமும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: வைரத் திருட்டுக்குப் பயந்து யாரும் உள்ளே வரக்கூடாது என்று அந்தப் பகுதியையே பல பத்தாண்டு பூட்டி வைத்ததில், தோண்டாத மீதி நிலம் மனிதக் கால் படாமல் தப்பியது. 2008-ல் அதை தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நம் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குன்றுகளுக்கு அப்படி ஒரு பூட்டு வாய்க்கவில்லை.

கடித்தால் என்ன ஆகும்?

கடித்த இடம் வலிக்கும், வீங்கும். பல் பட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் கசியும். பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். இந்த நஞ்சு ரத்தத்தை உறைய வைக்கும் பொருளை நாள் முழுக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். உடம்பிலுள்ள உறைபொருள் எல்லாம் அதில் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு ரத்தம் உறையாது. பல் ஈறு, மூக்கு, சிறுநீர், எப்போதோ ஆறிய பழைய புண் என்று எங்கிருந்து வேண்டுமானாலும் கசியலாம். மூளைக்குள் கசிந்தால் பிழைப்பது கடினம். சிலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கும்.

பாம்பு சின்னது, காயமும் முள் குத்தியது போல்தான் இருக்கும். அதனால் ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். என் அப்பத்தாவுக்கு அப்படித்தான் ஆனது. விறகு பொறுக்கும்போது விரலில் கடித்தது. பக்கத்து ஊரில் பார்வை பார்ப்பவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் பச்சிலை வைத்துக் கட்டி, விஷம் இறங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பினார். விடியற்காலை எழுந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக வந்தது.

ஆஸ்பத்திரியில் நான் பார்த்த சோதனை ரொம்ப எளிது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்தார்கள். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புப் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ கணக்குத் தப்பிவிடும் என்று நர்ஸ் அக்கா சொன்னார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவந்து குழாயை ஒரு சாய்ப்புச் சாய்த்தார். நல்ல ரத்தமாக இருந்தால் அடியில் கட்டியாக நின்றிருக்க வேண்டும். அப்பத்தாவின் ரத்தம் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றி, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை. அப்போதுதான் அடியில் கட்டி நின்றது. அதற்குப் பிறகும் பல வருஷம் அப்பத்தா விறகு பொறுக்கப் போனார், கையில் ஒரு குச்சியோடு.

கடித்த உடனே என்ன செய்வது? என்ன செய்யக்கூடாது?

கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, ஒரு கட்டையோ ஸ்கேலோ வைத்துத் துணியால் லேசாகக் கட்டி, மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் இறுகும் இடத்தில் இருந்தால் கழற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனாலும் சரி, நடக்க விடாதீர்கள். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது.

இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, கறுப்புக் கல் ஒட்டுவது எல்லாம் வேண்டாம். முக்கியமாக இந்தப் பாம்புக்குக் கீறல் ஆகவே ஆகாது. உறையாத ரத்தம் உள்ள ஆளைக் கீறினால் அந்தக் கீறலே ஆளை முடித்துவிடும்.

கடித்த பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். பிடிக்கப் போன ஆளையும் சேர்த்து இரண்டு பேராக ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கும் ஒரே மருந்துதான்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது?

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி என்ற ஊரில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. அதற்கு முன் இருளர்கள் பாம்பைத் தோலுக்காகப் பிடித்து விற்றுப் பிழைத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தத் தொழில் நின்றுபோனது. அதே கைத்திறனை நஞ்செடுக்கும் வேலைக்குத் திருப்பியதுதான் இந்தச் சங்கம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கையும் பிடித்து, சில தடவை நஞ்செடுத்துவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நஞ்சு பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாம்புகளிலிருந்து எடுக்கப்படுவதால் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ராஜஸ்தான் சுருட்டையின் நஞ்சு வேறு மாதிரி; இந்த மருந்து அங்கே சரியாகக் கேட்பதில்லை என்று அந்த ஊர் டாக்டர்கள் சொல்லி வருகிறார்கள்.

இன்னொன்று: குழந்தைக்கும் பெரியவருக்கும் இந்த மருந்து ஒரே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைத்து விடுவதில்லையே.

இதன் விஷத்தில் மருந்து செய்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. சுருட்டையின் நஞ்சில் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதைப் பார்த்து உருவாக்கிய டைரோஃபிபான் என்ற மருந்து மாரடைப்பு நோயாளிகளுக்கு, ரத்தக் குழாய் அடைக்காமலிருக்க ஏற்றப்படுகிறது. பாறைக்கடியில் கிடக்கும் இந்தச் சின்னப் பாம்பிலிருந்து மதுரையின் ஏசி இருதய வார்டு வரைக்கும் ஒரு நூல் ஓடுகிறது.

முட்டையிடுமா, குட்டி போடுமா?

நம் சுருட்டை குட்டி போடும். ஆப்பிரிக்காவில் உள்ள இதன் சொந்தங்கள் முட்டையிடும். கோடையிலிருந்து ஆடி, ஆவணி வரை குட்டிகளைப் பார்க்கலாம். அரை அடிகூட இருக்காது. பிறந்த அன்றே நஞ்சு உண்டு. மண்புழு என்று கையில் எடுத்த சிறுவர்கள் இருக்கிறார்கள்.

என்ன தின்னும்?

தேள், பூரான், வெட்டுக்கிளி, பல்லி, தவளை, சுண்டெலி. தேள் கொட்டி அலறியவர்கள் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படிக்கலாம்.

இதற்கு என்ன ஆபத்து? நமக்குத்தானே ஆபத்து?

நமக்கு ஆபத்து என்பதில் சந்தேகமே இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்கு சராசரி 58,000 என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் வயலிலும் காட்டிலும் வேலை செய்பவர்கள். நம் பக்கம் பார்த்தால் இருட்டோடு இருட்டாக மல்லிகை பறிக்கப் போகிறவர்கள், கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்டுகிறவர்கள், நூறு நாள் வேலையில் வாய்க்கால் வெட்டுகிறவர்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியையும் ஆஸ்பத்திரிகள் கணக்குக் காட்ட வேண்டும். நல்லது.

பாம்பின் கணக்கை யாரும் எழுதுவதில்லை. உலக அளவிலான பட்டியலில் சுருட்டை அழிவாபத்தில் உள்ள இனம் இல்லை. பரவலாக இருக்கும் பாம்பு. அதனாலேயே ஒரு குன்றில் இருந்தது தீர்ந்துபோனால் யாருக்கும் தெரியாது. அது வாழும் நிலத்துக்கும் அதே கதிதான். தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் அந்த நிலத்தின் பெயர் தரிசு, கல்லாங்குத்து, புறம்போக்கு. காடு என்று எழுதியிருந்தால் வெட்டக் கேட்டு நிற்க வேண்டும். தரிசு என்று எழுதியிருந்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்று அர்த்தமாகிவிடுகிறது.

மேலூர்ப் பக்கம் அந்த ஒன்றுமில்லாத நிலத்தில் கிரானைட் இருந்தது. குன்று குன்றாக அறுத்தார்கள். 2012-ல் முறைகேடு வெளியே வந்து, 2014-ல் உயர் நீதிமன்றம் ஐஏஎஸ் அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. அரசுக்கு எத்தனை கோடி நஷ்டம், எத்தனை கண்மாய் மூடப்பட்டது என்றெல்லாம் ஊர் பேசியது. பாறை இடுக்கில் இருந்தவற்றை யார் பேசுவது? கழிவுக் கல்லைக் கொட்டி வைத்த மேடுகளில் இப்போது பாம்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேடுகள் ஊருக்கும் வயலுக்கும் ஒட்டி நிற்கின்றன. குன்றில் யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்தது இப்போது மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அரிட்டாபட்டி தப்பியது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு, வல்லூறுகள் எல்லாம் அறிவிப்பில் இடம்பெற்றன. இரண்டே வருஷத்தில் அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊரே எழுந்தது. மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் ஊர்வலமாக வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த ஊர்வலத்தில் யாரும் சுருட்டைக்காக நடக்கவில்லை. நானும் அதற்காக நடந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்காக நடந்தேன். பாம்பும் சேர்ந்து தப்பித்தது.

மற்றவை சின்னச் சின்னது, ஆனால் தினமும் நடப்பது. பொழுது சாய்ந்ததும் தார் ரோடு இளஞ்சூடாக இருக்கும். பாம்பு அதில் வந்து படுக்கும். நான்கு வழிச்சாலையில் அடுத்த லாரி வர அரை நிமிடம்கூட ஆகாது. மாசி, பங்குனியில் குன்றுகளில் புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். சீமைக் கருவேலம் வேண்டாத மரம்தான், 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும் சரிதான். ஆனால் ஜேசிபி அந்த மரத்தோடு அதன் அடியில் இருந்த சூரை, காரை முள்செடிகளையும் கல்லையும் சேர்த்தே வழித்துவிட்டுப் போயிற்று. அப்புறம் பிளாட். எங்கே சரளை நிலம் இருந்தாலும் நாலு கொடிக்கம்பம், ஒரு ஆர்ச், உள்ளே வரிசையாகக் கல்.

எல்லாவற்றையும் அடித்துத் தீர்த்துவிட்டால் கடியே இருக்காதே?

இதைச் செய்து பார்த்தாயிற்று. மகாராஷ்டிரக் கொங்கண் கரையில் ரத்னகிரி மாவட்டத்தில் வெள்ளைக்காரன் ஆட்சியில் சுருட்டைக்குத் தலைக்கு இவ்வளவு என்று பரிசு வைத்தார்கள். 1862 டிசம்பரில் எட்டே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் அடித்துக் கொண்டுவந்து காசு வாங்கினார்கள். இன்றைக்கும் அங்கே சுருட்டை கடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

அடித்தால் வழக்கு வருமா?

1972-ம் ஆண்டுச் சட்டப்படி காட்டுயிரைக் கொல்வதும் பிடித்து வைப்பதும் குற்றம். வீட்டுக்குள் வந்த சுருட்டையை அடித்ததற்காக எங்கள் பக்கம் யாரும் ஜெயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. அதை நம்பி அடிக்கவும் வேண்டாம்.

வீட்டுக்குள் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

தீயணைப்பு நிலையம், 101. அல்லது வனத்துறை. அவர்கள் வரும்வரை ஒருவர் தள்ளி நின்று பாம்பு எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சுருட்டை சாரை மாதிரி ஓடிவிடாது.

பிடித்துக்கொண்டு போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. செல்லூரில் பிடித்ததை அழகர்மலையில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் இல்லை. அதற்குப் பழகிய கல், பழகிய பொந்து, பழகிய இரை எல்லாம் பிடித்த இடத்திலேயே இருந்துவிடும். தெரியாத இடத்தில் விட்ட பாம்பு அலைந்து அலைந்து, பெரும்பாலும் ரோட்டிலோ இன்னொரு வீட்டிலோ முடியும். முடிந்தவரை பக்கத்திலேயே ஆள் நடமாட்டமில்லாத இடம் பாருங்கள். கேமராவுக்கு முன்னால் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவதைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் முடியாது.

பூண்டு, வெங்காயம், பினாயில் தெளித்தால் வராதா?

வரும். செங்கல், விறகு, தென்னை மட்டை அடுக்கைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். இரவில் டார்ச், காலில் மூடின செருப்பு. தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டால் கட்டு விரியனுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. மல்லிகை பறிக்கப் போகிற அக்காமார்கள் தலையில் லைட் கட்டிக்கொள்கிறார்கள். அந்த வெளிச்சம் செடியில்தான் விழும், காலடியில் விழாது. செடிக்கு அடியில் முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டுக் காலை வையுங்கள்.

நாகமலைக்கும் பாம்புக்கும் சம்பந்தம் உண்டா?

கதைதான். சமணர்கள் ஏவிய பெரிய நாகத்தைப் பாண்டியன் அம்பெய்து கொன்றதாகவும் அதுவே மலையாகக் கிடப்பதாகவும் தலபுராணம். வெள்ளத்தில் அழிந்த மதுரைக்கு மறுபடி எல்லை காட்டியதும் பாம்புதான், தன் வாலைத் தானே வாயில் கவ்வி. ஆலவாய் என்ற பேர் அதனால் வந்தது. எல்லை காட்டிய பாம்பு அந்த எல்லைக்குள் எங்கே இருப்பது என்று எந்தப் புராணத்திலும் இல்லை. நாகமலையில் சுருட்டை உண்டா என்று கேட்டால், உண்டு. கீழக்குயில்குடிப் பக்கம் ஏறுகிறவர்கள் கையை ஊன்றும் இடத்தைப் பார்த்து ஊன்றுங்கள்.

ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். எங்கே வந்தால் பார்க்கலாம்?

தேடி வராதீர்கள். கல்லைப் புரட்டிப் பார்ப்பதும் ஒரு விதத்தில் அதன் வீட்டை இடிப்பதுதான். தடம் பார்ப்பதில் ஆசை இருந்தால் அது போதும். போன மார்கழியில் எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு சரளைக்காட்டில் விடியற்காலை நடந்துகொண்டிருந்தேன். மினி லாரியில் கொண்டுவந்து கொட்டிய எம்சாண்ட் பரவிக் கிடந்த இடத்தில் அந்தச் சாய்ந்த கோடுகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன், இருபத்தொன்று. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், முனையில் வால் தொட்ட ஒரு சின்னக் கொக்கி. கோடுகள் சாய்வாக மணலைத் தாண்டிப் போய் நட்டு வைத்த ஒரு கல்லுக்கு அடியில் முடிந்தன. கல்லில் சிவப்பு பெயின்டில் 14 என்று எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.